யாழ்ப்பாணத்தில் கட்டுப்படியான வாடகை வீடு: முற்பணம் கொடுக்க முதல் செய்யவேண்டியவை

வாய்க்கணக்கில் எந்த வீடும் மலிவாகத்தான் இருக்கும். இரண்டு மாதம் இருந்து கறண்ட் பில்லும் பவுசர் தண்ணிக் காசும் கட்டிய பிறகுதான் அதன் உண்மையான வாடகை தெரியும். ஆகவே கீழே சொல்பவற்றை இதே ஒழுங்கில் செய்யுங்கள். காசு கைமாறிய பிறகு கேட்கிற கேள்விக்கு ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லமாட்டார்கள்.

எங்கே, எப்போது தேடுவது

திருநெல்வேலி, கலட்டி, பரமேஸ்வராச் சந்திப் பக்கம் பல்கலைக்கழகத்தால் போட்டி அதிகம். கே.கே.எஸ். வீதி வழியே கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று தள்ளிப் போனால் வாடகை இறங்கும், ரெயிலும் இருக்கிறது. போய்வரும் செலவை வாடகையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அதை ஒட்டி வெளிநாட்டில் இருப்பவர்கள் விடுமுறைக்கு வரும் காலமும் வீடு தேட உகந்தவை அல்ல. நாள் வாடகைக்கு விட்டு உழைக்கிற நேரத்தில் வருடக் கணக்கில் தர யாருக்கும் மனம் வராது. கொடியிறங்கி ஆட்கள் திரும்பிப் போன பிறகு தேடுங்கள். தரகர் மூலம் போனால் தரகு எவ்வளவு, அதை யார் கொடுப்பது என்று முதலே பேசிவிடுங்கள்.

கிணற்றடியில் இருந்து தொடங்குங்கள்

அறைகளைப் பார்க்க முதல் கிணற்றடிக்குப் போங்கள். கடலோரத்தை அண்டிய குருநகர், நாவாந்துறைப் பக்கங்களில் சவர்த்தண்ணி பெரும் பிரச்சினை. ஒரு வாய் குடித்துப் பார்த்தால் போதும். கடலை விட்டுத் தள்ளிய இடங்களில் தண்ணி இனித்தாலும் சுண்ணாம்புக்கல் நிலம் என்பதால் கனதி (சுண்ணாம்புத் தன்மை) கூட இருக்கும். பக்கத்து வீட்டில் கேத்தலின் அடியைப் பார்க்கக் கேளுங்கள், எவ்வளவு வெள்ளை படிந்திருக்கிறது என்று தெரியும். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது இருக்கிறதா என்று காலடியால் அளந்து பாருங்கள். நமது நிலத்தில் கல் வெடிப்புகளால் குழித்தண்ணி நேரே கிணற்றுக்குப் போய்விடும், அதனால் தூரம் கூடக் கூட நல்லது. பக்கத்து வளவின் குழியையும் கணக்கில் எடுக்க வேண்டும். குடிதண்ணிக்கு வெளியில் காசு கொடுக்க வேண்டுமென்றால் அதுவும் வாடகைதான்.

மாரியில் வெள்ளம் நிற்கிற இடமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. சுவரின் அடியில் சேற்றுக் கோடோ உப்புப் பூத்த தடமோ இருந்தால் அதுவே பதில். பொம்மைவெளி போன்ற பதிந்த இடங்களில் கட்டாயம் பாருங்கள்.

மீற்றர் யாருடையது?

பலர் ஏமாறுகிற இடம் இது. வீட்டுப் பாவனைக் கட்டணம் மாதம் 60 அலகுக்குள் இருந்தால் ஒரு அட்டவணை, தாண்டினால் வேறு அட்டவணை. உங்களுக்கு 50 அலகு, வீட்டுக்காரருக்கு 50 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி மீற்றர் என்றால் இரண்டு பேரும் மலிவான அட்டவணையில் நிற்பீர்கள். ஒரே மீற்றர் என்றால் அது 100 அலகாகி, முதல் அலகில் இருந்தே விலை கூடும். அனெக்ஸ் (வீட்டுக்காரரின் வீட்டோடு சேர்ந்த தனிப் பகுதி) எடுப்பவர்கள் தனி மீற்றர் கேளுங்கள். இல்லையென்றால் உப மீற்றர் பூட்டி, பில்லை அலகு விகிதப்படி பிரிப்பதாக எழுதுங்கள். "அலகுக்கு இவ்வளவு" என்று ஒரு விலையைக் கட்டிவிட வேண்டாம். சாவி வாங்கும் நாளிலேயே மீற்றர் காட்டும் அலகு எண்ணைப் படமெடுத்து வைத்திருங்கள்.

கையெழுத்து வைப்பவர் யார்?

இங்கே வீடு பெரும்பாலும் சீதனமாக மனைவி பெயரில் இருக்கும், பேசுபவர் கணவனாக இருப்பார். காணி உறுதியைக் காட்டச் சொல்லி, யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தில் எதுவும் செய்யக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆகவே இருவரும் ஒப்பமிட வேண்டும். சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால், இங்கே சாவி வைத்திருக்கும் உறவினரிடம் பதிந்த அற்றோனித் தத்துவம் (சொந்தக்காரருக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் பத்திரம்) இருக்கிறதா, அதில் வாடகைக்கு விடும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று வாசியுங்கள். அது இல்லாமல் அவர் தரும் பற்றுச்சீட்டைச் சொந்தக்காரர் மறுக்கலாம்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வெறும் தாளில் எழுதிய ஒரு வருட உடன்படிக்கையைக் குத்தகை என்று நீதிமன்றம் ஏற்காது. "11 மாதம் எழுதினால் போதும்" என்பது இந்தியச் சட்டத்தை வைத்துச் சொல்வது, இங்கே செல்லாது. நொத்தாரிசுச் செலவை இருவரும் பாதிப்பாதி என்று பேசலாம். இன்னொன்றும் உண்டு. காலம் முடிந்தும் வீட்டை விடாத வாடகைக்காரரை மாவட்ட நீதிமன்றம் மூலம் விரைவாக வெளியேற்ற 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. ஆகவே முடிவுத் திகதியையும் முன்னறிவித்தல் காலத்தையும் இரண்டு தரம் வாசியுங்கள்.

முற்பணம்

மாத வாடகையில் கழிபடுமா, போகும்போது திரும்பி வருமா? இந்த ஒரு சொல்லை எழுதாமல் விட்டதால்தான் பெரும்பாலான சண்டைகள். மாத வாடகை 20,000 ரூபா, முற்பணம் 6 மாதம் என்றால் 120,000. மாதம் 10,000 கழிப்பதாக எழுதினால், 12 மாதத்துக்குக் கையில் இருந்து 10,000 மட்டும் கட்டினால் போதும். இறுக்கமான வருமானத்துக்கு இதுவே நல்ல ஏற்பாடு. திரும்பி வரும் வகை என்றால், எந்தச் சேதத்துக்கு வெட்டுவது, எத்தனை நாளில் தருவது என்றும் எழுதுங்கள். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்பதைத் தடுக்கிறது. ஆனால் 1980க்குப் பிறகு கட்டத் தொடங்கிய வீடுகள் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குள் வராது. அதனால் பழைய வீடு என்றால் மட்டும் அந்தப் பேச்சை எடுங்கள்.

வாடகைக்கு உதவி கிடைக்குமா?

குறைந்த வருமானம் என்பதற்காக வாடகைக்கென்றே மாதாமாதம் தரும் நிரந்தர அரச திட்டத்தை எதிர்பார்த்து வீடு எடுக்க வேண்டாம். கைக்கு வரக்கூடியது அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா. வீடு மாறினால் பழைய, புதிய விதானையார் (கிராம அலுவலர்) இருவரிடமும் பிரதேச செயலகத்திலும் முகவரி மாற்றத்தைச் சொல்லுங்கள். வாக்காளர் இடாப்பிலும் உடனே பதியுங்கள், பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கும்போது வதிவிட ஆவணம் கேட்பார்கள்.

தகராறு வந்தால்

வாடகையை வங்கியில் போடுங்கள், கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். முற்பணத்தைத் திருப்பித் தராவிட்டால் முதலில் மத்தியஸ்த சபை. வழக்கறிஞருக்குக் காசில்லாதவர்கள் யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். பூட்டை மாற்றிச் சாமானை வெளியில் போட்டால் அன்றைக்கே பொலிசில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை எடுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதிமன்றம் உங்களைத் திரும்பக் குடியமர்த்தலாம். ஆனால் வெளியேற்றப்பட்ட நாளில் இருந்து இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். வீட்டுக்காரர் "பேசித் தீர்ப்பம்" என்று நாளைக் கடத்தினால், அந்தத் திகதியை எண்ணிக்கொண்டே பேசுங்கள்.