ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பேனாவோடு வாசிப்பது எப்படி: ஹுவாங்கின் நிரூபணத்தை முன்வைத்து

கணித ஆய்வுக் கட்டுரையை ஒரு நாவலைப்போல முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரிவரை ஒரே மூச்சில் வாசிக்க முற்படுகிறவர்களில் பலர் மூன்றாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை. கட்டுரையை எழுதியவரே அதிலுள்ளவற்றை அந்த வரிசையில் கண்டுபிடித்திருக்க மாட்டார் என்பதை நினைத்துப் பார்த்தால், வாசிப்பவரும் அந்த வரிசைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது விளங்கும். ஒரே கட்டுரையை மூன்று முறை, மூன்று வெவ்வேறு நோக்கங்களோடு, கையில் பேனாவும் பக்கத்தில் வெள்ளைத்தாளும் வைத்துக்கொண்டு வாசிக்கும் முறையை ஓர் உண்மையான எடுத்துக்காட்டின் துணையோடு இங்கே விளக்குகிறேன்.

முதலில் கட்டுரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆர்க்கைவ் இணையக் களஞ்சியத்தில் தூய கணிதம், பயன்பாட்டுக் கணிதம், கணினி அறிவியல் ஆகிய மூன்று துறைகளின் கட்டுரைகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. புதிதாக வாசிக்கத் தொடங்குகிறவர், தேற்றத்தின் கூற்றைப் படம் வரைந்து புரிந்துகொள்ளக்கூடிய, நிரூபணம் இரண்டு மூன்று பக்கங்களுக்குள் முடிகிற ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வது நல்லது. அந்த வகையில், அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய ஹாவ் ஹுவாங் 2019 ஜூலையில் வெளியிட்ட கட்டுரையைவிடப் பொருத்தமானது வேறொன்று எனக்குத் தெரியாது. தேற்றம், பொருள்களைத் தேர்ந்தெடுப்பதையும் எண்ணுவதையும் ஆராயும் சேர்வியலைச் சார்ந்தது; கருவி நேரியல் இயற்கணிதத்திலிருந்து வந்தது; விளைவோ கணினி அறிவியலில் சுமார் 30 ஆண்டுகளாகத் தீராதிருந்த 'உணர்திறன் ஊகம்' என்னும் கேள்விக்கு விடையானது. கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளில் கற்பிக்கப்படும் அணிகளும் ஐகன் மதிப்புகளும் தெரிந்தவர் இதை முழுமையாகப் படித்துவிட முடியும்.

முதல் வாசிப்பில் நிரூபணத்தின் பக்கமே போகக் கூடாது. ஆய்வுச்சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எதை உரிமை கோருகிறது என்பதைச் சொல்சொல்லாகப் பிரித்து எழுத வேண்டும். ஹுவாங்கின் சுருக்கம் மிகச் சிறியது. பல பரிமாணக் கனசதுரம் ஒன்றின் முனைகளில் பாதியைவிட ஒன்று கூடுதலாக எப்படித் தேர்ந்தெடுத்தாலும், தேர்ந்தெடுத்தவற்றுக்குள் குறைந்தது ஒரு முனைக்காவது, பரிமாண எண்ணின் வர்க்கமூலத்துக்குக் குறையாத எண்ணிக்கையில் அண்டை முனைகள் இருந்தே தீரும் என்பது அதன் முதற்கூற்று. இந்த வரம்பை இனி உயர்த்த முடியாது என்பது இரண்டாவது. 1988இல் சுங், ஃபூரெடி, கிரஹாம், சீமோர் ஆகிய நால்வரும் நிறுவிய மடக்கை அளவிலான கீழ்வரம்பு இதனால் மேம்படுகிறது என்பது மூன்றாவது. இதன் நேரடி விளைவாக நிசானும் செகெடியும் முன்வைத்த உணர்திறன் ஊகம் மெய்யாகிறது என்பது நான்காவது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சுருக்கத்தில் 'படி' என்ற சொல் இரு பொருள்களில் வருகிறது: ஒரு முனையோடு எத்தனை விளிம்புகள் இணைந்துள்ளன என்பது ஒன்று, பூலியன் சார்பை, அதாவது 0, 1 ஆகியவற்றை மட்டுமே உள்ளீடாகவும் விடையாகவும் கொண்ட சார்பை, பல்லுறுப்புக்கோவையாக எழுதினால் வரும் உயர்ந்த அடுக்கு மற்றொன்று. கட்டுரை எழுதுபவருக்கு இது குழப்பம் தராது, ஏனெனில் அந்த வட்டாரத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள், புதியவர்தான் இடறுகிறார். ஒரே சொல் இரு பொருளில் வரும் இடங்களைத் தாளின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்து, கூற்றைச் சிறிய எண்களில் சோதித்துப் பார்க்க வேண்டும். 3 பரிமாணத்தில் வழக்கமான கனசதுரத்துக்கு 8 முனைகள் உண்டு. ஒவ்வொரு முனைக்கும் 000, 001, 010 என்று மூன்றிலக்கப் பெயரிட்டு, ஓரிலக்கத்தில் மட்டும் வேறுபடும் முனைகளை விளிம்பால் இணையுங்கள். இப்போது 1 என்னும் இலக்கம் இரட்டைப்படை எண்ணிக்கையில் வரும் 000, 011, 101, 110 ஆகிய நான்கையும் வட்டமிடுங்கள். அவற்றில் எந்த இரண்டும் அண்டை முனைகள் அல்ல. சரிபாதியை எடுத்தால் அண்டைமையே இல்லாமல் தப்பித்துவிடலாம் என்பது தெரிகிறது. ஐந்தாவதாக 001ஐச் சேர்த்துப் பாருங்கள். உடனே அதற்கு 000, 011, 101 என மூன்று அண்டை முனைகள் வந்துவிடுகின்றன. வேறு ஐந்து முனைகளை எடுத்தால் மூன்றை இரண்டாகக் குறைக்கலாம், ஆனால் ஒன்றாகக் குறைக்க முடியாது; 3இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.73 என்பதால் தேற்றம் சொல்வதும் அதுவே. இதைத் தாமே செய்து பாராதவருக்கு 'பாதியைவிட ஒன்று கூடுதல்' என்ற சொற்றொடரின் கனம் எட்டாது. பாதிவரை பூஜ்யம், ஒரே ஒரு முனை கூடியதும் வர்க்கமூலம். பரிமாணம் 10,00,000 என்றால் அதன் வர்க்கமூலம் 1000. 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையோ 20ஐத் தாண்டாது. 1988இன் முடிவுக்கும் 2019இன் முடிவுக்கும் இடையேயுள்ள தூரம் இவ்வளவு.

இரண்டாம் வாசிப்பு நிரூபணத்துக்கானது. நிரூபணத்தில் ஏதோ ஓரிடத்தில்தான் உயிர் இருக்கும். மற்றவை அதற்கு ஏந்துதளம். அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதே இரண்டாம் வாசிப்பின் வேலை. ஹுவாங்கின் கட்டுரையில் அது ஓர் அணியின் வடிவில் இருக்கிறது. 2 பரிமாணத்துக்கு, அதாவது சாதாரணச் சதுரத்துக்கு, முனைகளை 00, 01, 10, 11 என்ற வரிசையில் வைத்து அந்த அணியை எழுதிப் பாருங்கள். முதல் நிரை 0, 1, 1, 0. இரண்டாம் நிரை 1, 0, 0, 1. மூன்றாம் நிரை 1, 0, 0, −1. நான்காம் நிரை 0, 1, −1, 0. முனைகள் அடுத்தடுத்து இருந்தால் 1, இல்லையென்றால் 0 என்று எழுதும் வழக்கமான அண்டைமை அணிதான் இது. ஒரே ஒரு விளிம்புக்கு மட்டும் குறி மாற்றப்பட்டிருக்கிறது.

அந்தக் குறி ஏன் மாறியது என்பதை அறிய, அணியை அதனாலேயே பெருக்குங்கள். குறி மாற்றாத அணியில், முதல் நிரையும் நான்காம் நிரலும் சந்திக்கும் இடத்தில் 2 வரும். சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இரண்டடியில் செல்ல இரண்டு வழிகள் உள்ளன என்பதே அதன் பொருள். குறி மாற்றிய அணியில் ஒரு வழி +1 என்றும் மற்ற வழி −1 என்றும் வந்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. எஞ்சுவது மூலைவிட்டத்திலுள்ள 2 மட்டுமே. இதே உத்தியை ஹுவாங் அடுத்தடுத்த பரிமாணங்களுக்கு நீட்டிக்கிறார்: முந்தைய அணியை இடது மேல் மூலையிலும், அதன் எதிர்க்குறி வடிவத்தை வலது கீழ் மூலையிலும், அலகு அணியை மற்ற இரு மூலைகளிலும் வைத்தால் அடுத்த பரிமாணத்தின் அணி கிடைக்கிறது. பரிமாணம் எத்தனையோ அத்தனை மடங்கு அலகு அணியே அதன் வர்க்கம். இந்தப் பெருக்கலை 4க்கு 4 அணியில் கையால் செய்துவிட்டு, 8க்கு 8 அணிக்குச் செல்லுங்கள். இங்கே செலவிடும் அரைமணி நேரம் வீணாகாது.

இதன்பின் மீதமுள்ளவை விரைவாக நகரும். வர்க்கம் இப்படி அமைவதால், அணியின் ஐகன் மதிப்புகள் பரிமாணத்தின் வர்க்கமூலமாகவோ அதன் எதிர்க்குறியாகவோதான் இருக்க முடியும். மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல் பூஜ்யம் என்பதால் இரண்டும் சரிபாதியாகப் பிரிகின்றன.

இங்கே கட்டுரை கோஷியின் இடைப்பின்னல் தேற்றத்தை மேற்கோள் காட்டுகிறது. தெரியாத தேற்றத்தின் பெயரைப் பார்த்ததும் அதைத் தேடிப் புறப்பட்டு, ஒரு வாரம் கழித்து மூலக் கட்டுரையையே மறந்துவிடுவது வாசகர்கள் வழக்கமாக விழும் பள்ளம். அந்தத் தேற்றம் இங்கே எதற்குத் தேவைப்படுகிறது என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பதிலாக உங்களுக்குத் தெரிந்த எளிய கருவி ஒன்று போதுமா என்றும் பாருங்கள். இங்கே போதும். நேர்க்குறி ஐகன் மதிப்புக்குரிய வெக்டர்கள் மொத்த வெளியில் பாதிப் பரிமாணம் கொண்ட ஓர் உள்வெளியாக அமைகின்றன. தேர்ந்தெடுத்த முனைகளுக்கு வெளியே பூஜ்யமாக இருக்கும் வெக்டர்கள், பாதியைவிட ஒன்று கூடுதலான பரிமாணம் கொண்ட மற்றோர் உள்வெளியாக அமைகின்றன. இரண்டின் கூடுதல் மொத்தத்தை மிஞ்சுவதால், பூஜ்யமல்லாத ஒரு வெக்டர் இரண்டிலும் இருந்தே ஆக வேண்டும். அந்த வெக்டரில் எண்ணளவில் மிகப் பெரிய உறுப்பு எந்த முனைக்குரியதோ அந்த முனையைப் பாருங்கள். அவ்வுறுப்பை வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது, தேர்ந்தெடுத்த அண்டை முனைகளின் உறுப்புகளைக் குறியோடு கூட்டினால் வருவதற்குச் சமம். அண்டை உறுப்புகளில் எதுவும் இதைவிடப் பெரிதல்ல. ஆகவே அண்டை முனைகளின் எண்ணிக்கை வர்க்கமூலத்துக்குக் குறைவாக இருக்க முடியாது. நிரூபணம் முடிந்தது.

கணினி அறிவியலோடுள்ள தொடர்பை இரண்டாம் வாசிப்பில் மேலோட்டமாகப் பார்த்தால் போதும். மூன்று பிட்டுகளில் பெரும்பான்மை எதுவோ அதை விடையாகத் தரும் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளீடு 001 என்றால் விடை 0. முதல் பிட்டையோ இரண்டாம் பிட்டையோ மாற்றினால் விடை 1 ஆகிவிடும். மூன்றாவதை மாற்றினால் விடை மாறாது. ஆகவே அந்த உள்ளீட்டில் உணர்திறன் 2. பிட்டுகளைத் தனித்தனியே மாற்றாமல், ஒன்றோடொன்று கலவாத தொகுதிகளாக மாற்றி அளப்பது தொகுதி உணர்திறன். இரண்டாவது அளவு முதலாவதைவிட எவ்வளவு பெரிதாகலாம் என்பதே ஊகத்தின் கேள்வி. உள்ளீடுகள் முனைகள், ஒரு பிட் மாற்றம் ஒரு விளிம்பு என்று கொண்டால் கனசதுரம் கண்முன் வந்துவிடும். முனைகளைப் பற்றிய தேற்றம் சார்புகளைப் பற்றியதாக மாறும் பாலத்தை காட்ஸ்மனும் லினியலும் 1992இலேயே கட்டிவிட்டார்கள். அந்தப் பாலத்தை இந்தச் சுற்றில் நம்பிக் கடந்து செல்லலாம். ஆனால் நம்பிக் கடந்தேன் என்று தாளில் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாம் வாசிப்பில் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் நிரூபணத்தை நினைவிலிருந்து எழுதுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அந்தப் பத்தியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். எழுதி முடித்தபின் ஒப்பிடுவதற்கு ஒரு நல்ல படி இருக்கிறது: கட்டுரை வெளியான அதே மாதத்தில் கணினி அறிவியலாளர் டொனால்ட் க்னூத் இந்த நிரூபணத்தை ஒரே பக்கத்துக்குச் சுருக்கி வெளியிட்டார். நிரூபணத்தை ஓரெழுத்தும் விடாமல் கணினியைக் கொண்டு சரிபார்க்க விரும்புகிறவர்கள், லீன் மென்பொருளில் வேறு சிலர் எழுதிய வடிவத்தையும் திறந்து பார்க்கலாம்.

இவற்றுக்குப் பிறகு கட்டுரையின் கடைசிப் பகுதிக்குத் திரும்புங்கள். தொகுதி உணர்திறன், உணர்திறனின் நான்காம் அடுக்கை மிஞ்சாது என்பதே ஹுவாங்குக்குக் கிடைத்த முடிவு. எடுத்துக்காட்டுகளாக அறியப்பட்ட சார்புகளிலோ அது இரண்டாம் அடுக்களவுக்குத்தான் வளர்கிறது. ஐகன் மதிப்பு முறையைக் கனசதுரத்துக்குப் பதிலாகப் பூலியன் சார்புகளின்மீதே நேரடியாகச் செலுத்தினால் இந்த இடைவெளியை அடைக்க முடியுமா என்று அவர் அங்கே கேட்கிறார். நீங்கள் எழுதிய தாளின் அடியில் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டு, மூன்று பிட் பெரும்பான்மைச் சார்புக்கு அப்படியோர் அணியை எழுத முயன்று பாருங்கள்.