பூர்பூல் குட்டி வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். பூர்பூல் இந்த மண்ணின் காவல் நாய். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'பூர்' என்றால் விவசாயி. போன மாதம் பக்கத்துப் பண்ணைக்குப் புதிதாக வந்தவர் தன் நான்கு மாதக் குட்டியைக் காட்டி, எப்படிக் கொழுத்திருக்கிறது பாருங்கள் என்று பெருமைப்பட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தடுப்பூசி, பூச்சி மருந்து பற்றியெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

## குட்டியை அவசரமாகப் பெரிதாக்குவது

வளர்ந்த ஆண் பூர்பூல் 70 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் அந்த உடம்பு முழுதாக வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். இது தெரியாமல்தான் என் முதல் நாய் லியூவைக் கெடுத்தேன்.

மக்காச்சோளக் களி, இறைச்சி, பால் என்று கேட்கும்போதெல்லாம் போட்டேன். போதாததற்கு, மாடுகளுக்கு வைத்திருந்த எலும்புத்தூளையும் கலந்தேன். பெரிய நாய்க்குப் பெரிய எலும்பு வேண்டும் என்பது என் கணக்கு. ஐந்து மாதத்தில் 44 கிலோ. வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். அப்புறம் முன்னங்கால் பாதங்கள் வெளிப்பக்கமாகத் திரும்பின. காலையில் எழுந்து நிற்கவே தடுமாறினான். எக்ஸ்ரேயில் முன்னங்கால் மூட்டு இரண்டுமே கெட்டிருந்தன. அறுவை சிகிச்சை செய்தும் நொண்டல் போகவில்லை. மாடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும்போது வாசலில் படுத்தபடி அவை போவதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேற்பட்ட கால்சியத்தை உள்ளே எடுக்காது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கொடுப்பதில் பெரும்பகுதி உடம்பில் ஏறிவிடும். எலும்பின் முனையில் வளரும் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாது. அதன் மேல் கொழுத்த உடம்பின் பாரமும் சேர்ந்தால் மூட்டு என்ன செய்யும்? இவ்வளவு தெரிந்த பிறகும், குட்டி வாங்கியவர் கையில் கால்சியம் டப்பாவைக் கொடுத்து அனுப்பும் தீவனக் கடைகள் இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கும் தீவனம் வாங்குங்கள். அதில் கால்சியம் 1 முதல் 1.5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மேலே எதையும் சேர்க்காதீர்கள். விலாவில் கை வைத்தால் எலும்புகள் சுலபமாகத் தட்டுப்பட வேண்டும். 48 லாப்ரடார் குட்டிகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்குக்கு மட்டும் கால்வாசி உணவைக் குறைத்து ஆயுள் முழுக்கக் கவனித்திருக்கிறார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் தாமதமாகத்தான் வந்தது.

## பிக்கப் வண்டியிலிருந்து குதிக்க விடுவது

ஒன்றரை வயது வரை தூக்கி இறக்குங்கள். கனமாகிவிட்டால் சாய்பலகை போடுங்கள்.

## ஆள் முகம் காட்டாமல் வளர்ப்பது

யாரையும் பார்க்காமல் வளர்ந்தால்தான் நல்ல காவல் என்று இங்கேயும் நம்புகிறார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை பார்த்துப் பழகியதுதான் குட்டி மனதில் ஆழமாகப் பதியும். அந்த நாட்களில் குழந்தைகள், வேலையாட்கள், ஆடு மாடு எல்லாவற்றையும் காட்டுங்கள். அப்படிப் பழகாத நாய் பயத்தில் கடிக்கும். காவல் குணம் வளர வளரத் தானாக வரும்.

## சங்கிலி

வேண்டாம். வேலி போடுங்கள்.

## ஒரே வளவில் இரண்டு ஆண் நாய்கள்

வேண்டவே வேண்டாம்.

## மொத்தத் தீனியையும் ஒரே வேளையில் வைப்பது

இரண்டு வேளையாகப் பிரியுங்கள். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வாந்தி எடுக்க முக்கியும் எதுவும் வராமல், வயிறு பானைபோல் இறுகியிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். உடனே வண்டியை எடுங்கள்.