நிதி அதிகாரப் பரவல் வளர்ச்சிக்கு உதவியதா? வளர்ந்த நாடுகளில் ஆராயும் முறை

வளர்ந்த நாடொன்றில் நிதி அதிகாரத்தை, அதாவது வரி விதிக்கவும் செலவழிக்கவுமான உரிமையை, மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பரவலாக்கியது பொருளாதார வளர்ச்சிக்குக் கைகொடுத்ததா என்று ஆராயப் புகுபவர், எதை அளக்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பொதுச் செலவில் உள்ளாட்சிகளின் பங்கு எவ்வளவு என்ற புள்ளிவிவரம் எளிதில் கிடைக்கும். அதை மட்டும் நம்பி இறங்கினால் கணக்கு தொடக்கத்திலேயே பிசகிவிடும். டென்மார்க்கில் பொதுச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நகராட்சிகள், மண்டலங்கள் வழியாகவே நடைபெறுகிறது. எனினும் அதில் கணிசமான பகுதி நாடாளுமன்றச் சட்டம் வரையறுத்த நலத்திட்டங்களுக்குப் போவதால், செலவழிக்கும் கை ஒன்று, முடிவெடுக்கும் கை வேறு.

ஆகவே வரி விகிதத்தை யார் நிர்ணயிக்கிறார் என்று பாருங்கள். சுவிட்சர்லாந்தின் 26 கேண்டன்களும் (மாநிலங்களும்) தத்தம் வருமான வரியைத் தாமே விதிக்கின்றன. ஜெர்மனியின் மாநிலங்களுக்கோ வருமான வரியிலும் மதிப்புக் கூட்டு வரியிலும் பெரும் பங்கு உண்டு. அவற்றின் விகிதத்தைத் தன்னிச்சையாக மாற்றும் உரிமை எந்த மாநிலத்துக்கும் இல்லை. வீடு, மனை வாங்குவோர் செலுத்தும் சொத்து மாற்று வரியில் 2006இல் அந்த உரிமை கிடைத்தது. பவேரியா 3.5 சதவீதத்திலேயே நின்றுவிட, நார்த் ரைன்-வெஸ்ட்பாலியா 2015இல் 6.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் அட்டவணைகளைவிட, ஒரே நாட்டுக்குள் எழும் இத்தகைய வேறுபாடே நம்பகமான சான்று என்பது என் கருத்து.

அடுத்து, காரணம் எது, விளைவு எது என்பதைப் பிரித்தறிய வேண்டும். மந்தநிலையில் வேலையிழந்தோருக்கான உதவித்தொகை பெருகி மத்திய அரசின் செலவு வீங்குவதால், உள்ளாட்சிகளின் பங்கு தானாகவே சுருங்கும். அதிகாரம் பறிபோனதால் வளர்ச்சி குன்றியதுபோல் அது தோற்றம் காட்டும். ஆண்டுக்கு ஆண்டு பார்க்காமல் ஐந்தாண்டுச் சராசரிகளை எடுத்தால் இந்த மயக்கம் ஓரளவு குறையும்.

கடன் சுமையை இறுதியில் யார் தாங்குவார் என்பதையும் விட்டுவிடக் கூடாது. கடனிலிருந்து மத்திய அரசு மீட்கும் என்ற நம்பிக்கை இருந்தால் மாநிலங்களிடம் சிக்கனம் தளரும். ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் 1992இல் கடனில் சிக்கிய பிரெமன், சார்லாந்து மாநிலங்கள் மத்திய அரசிடம் வைத்த உதவிக் கோரிக்கையை ஏற்றது; 2006இல் பெர்லினின் கோரிக்கையை நிராகரித்தது. இவ்விரு தீர்ப்புகளுக்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளை ஒரே விதிமுறையில் இயங்கியவையாகக் கொள்ளாதீர்கள். 2007இல் 271 நகராட்சிகளை 98ஆக இணைத்த டென்மார்க்கின் தரவுத் தொடரையும் அந்த ஆண்டில் பிரித்தே கணக்கிடுங்கள்.