காற்றாலை ஃபீடரில் எர்த்திங்: நானும் செய்த தவறு

போன மாதம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பொறியாளர்கள் ஒரு காற்றாலைப் பண்ணைக்கான சிங்கிள் லைன் படத்தை என் மேஜையில் விரித்தார்கள். காற்றாலைகளின் மின்சாரத்தைத் துணைமின் நிலையத்துக்குக் கொண்டுவரும் நான்கு லைன்கள், அதாவது ஃபீடர்கள். அவை வந்து சேரும் 33 கே.வி. பஸ்ஸில், எர்த் இணைப்புக் கொடுக்க ஒரே ஒரு ஜிக்ஜாக் டிரான்ஸ்ஃபார்மர். "நாலுக்கும் பொதுவா ஒண்ணு போதுமே சார்" என்றார்கள். பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் வரைந்தேன். ஃபேஸ் மாற்றிக் கட்டுவது, போல்ட்டை இறுக்காமல் விடுவது மாதிரியான தவறுகளை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

பஸ்ஸில் மட்டும் எர்த்திங் வைப்பது

காற்றாலையின் 690 வோல்ட்டை 33 கே.வி. ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் 33 பக்கம் பெரும்பாலும் டெல்டா, அதாவது சுருள்களை முக்கோணமாக இணைத்தது; எர்த் செய்ய நடுப்புள்ளி (நியூட்ரல்) அதில் இருக்காது. துணைமின் நிலையத்தில் 33-ஐ 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலும் 33 பக்கம் பல இடங்களில் டெல்டாதான். ஆக, லைனின் இரண்டு முனையிலும் நியூட்ரல் கிடையாது. அந்தக் குறைக்காகத்தான் ஜிக்ஜாக் வைக்கிறோம். அதை பஸ்ஸில் வைத்தால், ஃபீடரை பஸ்ஸோடு இணைக்கும் பிரேக்கர் மூடியிருக்கும் வரைதான் லைனுக்கு எர்த் உண்டு.

கயத்தாறு பக்கம், ஆடி மாதம். எல்லாக் காற்றாலையும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பறந்து வந்த பனை ஓலை ஒன்று பி ஃபேஸ் கம்பிக்கும் கிராஸ் ஆர்முக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. லைனைக் கண்காணிக்கும் ரிலே ஃபால்ட்டை உடனே கண்டுபிடித்தது, பிரேக்கரும் சரியாகத் திறந்தது. ஆனால் ஃபால்ட்டே இல்லாத ஆர், ஒய் ஃபேஸ்களில், மிகை வோல்டேஜைத் தரைக்குக் கடத்தும் லைட்னிங் அரெஸ்டர்கள் வெடித்தன. கேபிள் முனை ஒன்றும் கருகியது. கீழே கிடந்த அரெஸ்டர் துண்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த துத்தநாக ஆக்சைடு வில்லைகள் விளிம்பில் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. அன்று இடியும் இல்லை, மின்னலும் இல்லை. சரக்கு மட்டம் என்று முடிவு கட்டிப் புதியவற்றை மாட்டினோம். மூன்று வாரத்தில் மறுபடியும் அதே கதை.

அப்புறம்தான் ஃபீடர் பக்கத்தில் வோல்டேஜை அளக்கும் பி.டி.யின் பதிவை எடுத்துப் பார்த்தோம். பிரேக்கர் திறந்ததும் பஸ்ஸில் இருந்த ஜிக்ஜாக் லைனை விட்டுப் பிரிந்துவிட்டது. காற்றாலைகள் நிற்கவில்லை. ஒரு ஃபேஸ் மட்டும் தரையைத் தொடும்போது ஃபேஸ்களுக்கு இடையிலான வோல்டேஜ் மாறாமல் அப்படியே இருக்கும். டெல்டா அதை மட்டும்தான் பார்க்கும். அதனால் 690 பக்கத்தில் இருக்கும் கன்ட்ரோலருக்கு எர்த் ஃபால்ட் தெரியவே தெரியாது. கிரிட் போய்விட்டதை உணர்ந்து அது நிற்பதற்குள் ஒரு சிறு இடைவெளி. அந்த நேரத்தில் நல்ல ஃபேஸ்களில் தரைக்கு இருந்த 19 கே.வி., 33-க்கு ஏறி அதையும் தாண்டியது. 19-ஐ மனதில் வைத்து வாங்கிய அரெஸ்டர் அதை எப்படித் தாங்கும்?

இந்தத் தவறை இன்றைக்கும் வரைபடங்களில் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒவ்வொரு ஃபீடருக்கும் தனி ஜிக்ஜாக் வையுங்கள். பிரேக்கருக்கு லைன் பக்கத்தில், நடுவில் எந்த ஸ்விட்சும் இல்லாமல் வையுங்கள். அது ஃபால்ட் கரன்ட்டைச் சில நொடிகள் தாங்கினால் போதும் என்பதால் பெரிய உருப்படியாக இருக்காது. அதற்கு இடமில்லை என்றால், பிரேக்கர் திறந்தவுடனே லைனைத் தரையோடு இணைக்கும் எர்த்திங் ஸ்விட்ச் கொண்ட பிரேக்கர் கிடைக்கிறது. காற்றாலைகளுக்கு ஃபைபர் வழியாக டிரிப் அனுப்புவது இன்னொரு வழி. ஆனால் பிரேக்கருக்கு முன்பே காற்றாலைகள் பிரிந்தாக வேண்டும். எதைச் செய்தாலும், அரெஸ்டர் வாங்கும்போது நல்ல ஃபேஸில் 33 முழுதாக வரும் என்று வைத்தே தேர்ந்தெடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். நான்கு ஜிக்ஜாக் இருந்தால், ஒரு ஃபீடரின் ஃபால்ட்டுக்கு மற்ற மூன்றும் கரன்ட் கொடுக்கும். திசை பார்க்காத எர்த் ஃபால்ட் ரிலேவை மாட்டினால் நல்ல ஃபீடரும் சேர்ந்து டிரிப் ஆகும்.

காற்றாலை டிரான்ஸ்ஃபார்மரின் 33 பக்கத்தை ஸ்டார் ஆக்கி எர்த் செய்வது

ஸ்டாரில் நடுப்புள்ளி கிடைக்கும், அதை எர்த் செய்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஃபால்ட் கரன்ட் பத்து இருபது இடங்களில் பிரிந்து போகும், துணைமின் நிலைய ரிலேவுக்குக் கிடைக்கும் பங்கு குறைந்துவிடும்.

ஐப்பசி மழையில் மண்ணை அளப்பது

ஈர மண்ணில் மின்தடை குறைவாகக் காட்டும். மண் காய்ந்திருக்கும் சித்திரையில் அளந்து பாருங்கள்.

பாறையில் குழி மட்டும் தோண்டுவது

முப்பந்தல் மாதிரிப் பாறை நிலத்தில் இரண்டு எர்த் பிட் போட்டு உப்பும் கரியும் கொட்டினால் முதல் வருடம் அளவு நன்றாக வரும், அப்புறம் ஏறிவிடும். அடித்தளத்தைச் சுற்றி வளையமாகப் பட்டை புதையுங்கள், அஸ்திவாரக் கம்பியோடு இணையுங்கள். கேபிள் போகும் பள்ளத்திலேயே வெற்றுக் கம்பி ஒன்றையும் ஓடவிட்டு அடுத்த காற்றாலையின் வளையத்தோடு சேருங்கள். பள்ளம் தோண்டும் கூலி எப்படியும் கொடுத்தாயிற்று. மூடிய பிறகு அதே பாறையை மறுபடி உடைக்கச் சொன்னால் ஒப்பந்தக்காரர் கேட்கும் தொகை வேறு.