பிரிட்டன் போகும் டெல்டாக்காரர்களுக்கு: ஊர் லைசென்ஸும் பன்னிரண்டு மாதக் கணக்கும்

நர்ஸ் வேலை, கேர் ஹோம் வேலை, ஐடி வேலை என்று எதற்குக் கிளம்பினாலும் பெட்டியில் இட்லிப்பொடிக்குப் பக்கத்தில் ஒரு லைசென்ஸ் கார்டும் போகிறது. தஞ்சாவூர் டிஎன் 49, கும்பகோணம் டிஎன் 68, திருவாரூர் டிஎன் 50, நாகப்பட்டினம் டிஎன் 51. எண் எதுவாக இருந்தாலும் பிரிட்டனில் அதற்கு ஒரே ஆயுசுதான். குடியேறிய நாளிலிருந்து 12 மாதம். பதின்மூன்றாம் மாதம் அது வெறும் பிளாஸ்டிக் அட்டை.

இந்த ஒரு வரி பலருக்கும் தெரியும். அந்த 12 மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதுதான் தெரியாது. "லீவுக்கு ஊருக்கு வந்துட்டுத் திரும்பிப் போனா மறுபடி ஒரு வருஷம் கிடைக்கும்ணே" என்று யாராவது ஒருவர் தெம்பாகச் சொல்லியிருப்பார். சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு அது சரி, அவருக்குக் கடைசியாக நாட்டுக்குள் நுழைந்த தேதியிலிருந்துதான் கணக்கு. வேலை விசாவில் வாழப் போகிறவருக்கு அப்படியில்லை. முதன்முதலாகக் குடியிருக்க வந்த நாளில் ஓடத் தொடங்கிய கடிகாரம், நடுவில் நீங்கள் பொங்கலுக்கு வந்தாலும் தங்கை கல்யாணத்துக்கு வந்தாலும் நிற்காது. செப்டம்பர் 10ஆம் தேதி போய் இறங்கினால், அடுத்த வருடம் செப்டம்பர் 9ஐக் கடைசி நாளாகக் குறித்து வையுங்கள்.

இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்தால் நீளுமா என்று கேட்பார்கள். நீளாது. ஆர்டிஓ ஆபீஸில் 1,000 ரூபாய் கட்டி வாங்கும் அந்தச் சாம்பல் நிறப் புத்தகம் உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். நம் கார்டே ஆங்கிலத்தில் இருப்பதால் பிரிட்டனில் சட்டம் அதைக் கேட்பதுமில்லை. வாடகைக் கார் கொடுக்கிற கடைகளில் சில கேட்கலாம். அதற்காக வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்திய லைசென்ஸைக் கொடுத்துவிட்டு அவர்களுடையதை வாங்கவும் முடியாது. மாற்றிக்கொள்ள அனுமதி உள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. சிங்கப்பூர் இருக்கிறது, 2021 முதல் அமீரகமும் இருக்கிறது. நம் பக்கம் சிங்கப்பூர், துபாய் போய்விட்டுப் பிறகு பிரிட்டன் போகிறவர்கள் நிறைய என்பதால் இது முக்கியம். அங்கே டெஸ்ட் ஓட்டிப் பாஸ் செய்து வாங்கிய லைசென்ஸ் என்றால், பிரிட்டனில் குடியேறி 5 வருடத்துக்குள் 43 பவுண்டு கட்டி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஊர் லைசென்ஸைக் காட்டி, எழுத்துத் தேர்வு மட்டும் எழுதி வாங்கிய சிங்கப்பூர் லைசென்ஸ் இதற்கு உதவாது. ஓட்டும் டெஸ்டை எந்த நாட்டில் பாஸ் செய்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

விமானம் ஏறும் முன் கார்டைத் திருப்பி இரண்டு விஷயம் பாருங்கள். எல்எம்வி என்று இருக்கிறதா? எட்டு போட்டு டூவீலருக்கு மட்டும் வாங்கியிருந்தால் அங்கே காரைத் தொடக் கூடாது. எல்எல்ஆர் எந்தக் கணக்கிலும் சேராது. அடுத்தது முடிவுத் தேதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு 30 வயதுக்குள் வாங்கியவர்களுக்கு 40 வயது வரை, 30 முதல் 50க்குள் வாங்கியவர்களுக்குப் பத்து வருடம். போன பிறகு நடுவில் தீர்ந்துபோனால் 12 மாதச் சலுகையும் அதோடு தீர்ந்தது. தீர்வதற்கு ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பிக்கலாம். வாய்ப்பிருந்தால் ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள்.

போய் இறங்கியதும் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிவிஎல்ஏ என்ற அரசுத் துறையிடம், நம் எல்எல்ஆர் போன்ற புரோவிஷனல் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆன்லைனில் 34 பவுண்டு. தபாலில் என்றால் போஸ்ட் ஆபீஸில் டி1 படிவம் வாங்கி, 43 பவுண்டு. குறைந்தது 185 நாள் தங்க அனுமதி இருக்க வேண்டும், கடந்த 3 வருட முகவரிகள் எல்லாம் கேட்பார்கள், ஊர் முகவரி உட்பட. தபாலில் அசல் ஆவணம்தான் போக வேண்டும், நகல் எடுபடாது. பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டு ஊருக்கு டிக்கெட் போட்டு உட்காராதீர்கள்.

புரோவிஷனல் கையில் வந்ததும் எல் போர்டு மாட்ட வேண்டுமோ, பக்கத்தில் ஆள் உட்கார வேண்டுமோ என்ற பயத்தில் விண்ணப்பத்தையே தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. வேண்டியதில்லை. 12 மாதம் முடியும்வரை ஊர் லைசென்ஸின் பலத்தில் தனியாகவே ஓட்டலாம், மோட்டார்வேயிலும் போகலாம். அந்த 12 மாதத்துக்குள் பிராக்டிகல், அதாவது ஓட்டிக் காட்டும் டெஸ்டைப் பாஸ் செய்துவிட்டால் ஒரு நாள்கூட வண்டியை நிறுத்த வேண்டாம். முடியாவிட்டால் எல் போர்டு, பக்கத்தில் 21 வயது நிரம்பி 3 வருடம் லைசென்ஸ் வைத்திருப்பவர், கற்றுக்கொள்கிறவருக்கான தனி இன்சூரன்ஸ் என்று எல்லாம் வரும். வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேர் வேலையில் இருப்பவருக்கு இது பாதிச் சம்பளம் போகிற காரியம்.

காலக்கணக்கைப் பாருங்கள். தியரி என்ற கேள்வித் தேர்வைப் பாஸ் செய்யாமல் பிராக்டிகலுக்குத் தேதி போட முடியாது. பிராக்டிகல் தேதிகள் 24 வாரம் முன்வரைதான் காட்டும், பெரிய ஊர்களில் பெரும்பாலும் அந்தக் கடைசி வாரங்கள்தான் காலியாக இருக்கும். முதல் மூன்று மாதத்தில் தியரியை முடித்தால், ஆறு மாதக் காத்திருப்பைக் கழித்து ஒன்பதாம் மாதம் டெஸ்ட். அதில் ஃபெயிலானால் குறைந்தது 10 வேலைநாள் கழித்த தேதிதான் போடலாம், அந்தத் தேதியும் காலியாக இருக்க வேண்டும். ஆக ஒரே ஒரு தோல்விக்குத்தான் இடம். "குளிர் போகட்டும், ஏப்ரல்ல பார்த்துக்கலாம்" என்று விட்டவர்கள் எல்லாம் செப்டம்பரில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஏஜென்ட்டிடம் அதிகப் பணம் கொடுத்துத் தேதி வாங்காதீர்கள். அரசுக் கட்டணம் வார நாளில் 62 பவுண்டு, மாலை, சனி, ஞாயிறு என்றால் 75.

இனி இன்சூரன்ஸ். லைசென்ஸ் தவறைவிட ஆழமாகக் குத்துவது இதுதான். ஊரில் இன்சூரன்ஸ் வண்டியோடு போகிறது. பெரியப்பா காரை மருமகன் எடுப்பான், பக்கத்து வீட்டுப் பையன் எடுப்பான், லைசென்ஸ் இருந்தால் போதும். அங்கே அது ஆளோடு போகிறது. பாலிசியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அந்தக் காரை ஓட்டலாம். "சாவியைக் குடு, தமிழ்க் கடையில முருங்கைக்காய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று நண்பர் காரை எடுத்தால், சட்டத்தின் கண்ணில் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் தவறுக்காக ஏறும் 6 பாயின்ட். கோர்ட்டுக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை, காரையும் தூக்கிக்கொண்டு போகலாம். அந்தக் குறிப்பு லைசென்ஸ் பதிவில் 4 வருடம் நிற்கும். அதுவரை எந்தக் கம்பெனியும் குறைந்த விலையில் பாலிசி தராது.

12 மாதக் கணக்கும் இங்கேதான் வந்து முட்டுகிறது. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவர் என்ற நிபந்தனையோடுதான் பாலிசி இருக்கும். வருடம் முழுவதற்கும் பணம் கட்டியிருக்கிறோம் என்று 12 மாதம் கடந்து ஓட்டி, ஒரு சின்ன உரசல் ஆனால்கூட உங்கள் காருக்கு ஒன்றும் வராது. எதிராளிக்குக் கொடுத்த தொகையைக் கம்பெனி உங்களிடமே கேட்கவும் செய்யலாம். விண்ணப்பத்தில் இந்திய லைசென்ஸ் என்று உள்ளதை உள்ளபடி போடுங்கள். விலை குறையட்டும் என்று பிரிட்டன் லைசென்ஸ் எனத் தட்டிவிடுவது பாலிசியைத் தானே கிழித்துப்போடுவது. கேர் வேலையில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சொந்தக் காரில் போகிறவர்கள் தொழில் உபயோகம் என்று கேட்டு வாங்க வேண்டும். வேலைக்குப் போய்வர என்று போட்ட சாதாரண பாலிசி ஒரே இடத்துக்குப் போய்த் திரும்புவதற்குத்தான்.

பாஸ் செய்த பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒரு கத்தி தொங்கும். அந்தக் காலத்தில் 6 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து, மறுபடி புரோவிஷனலிலிருந்து தொடங்க வேண்டும். போனைக் கையில் பிடித்து ஓட்டினால் ஒரே தடவைக்கு 6 பாயின்ட், 200 பவுண்டு. ஊரில் இருபது வருடம் ஓட்டியவரும் அங்கே புது டிரைவர்தான்.

தியரி கணினியில். 57 நிமிடத்தில் 50 கேள்வி, 43 சரியாக இருக்க வேண்டும். 23 பவுண்டு. 2014 ஏப்ரல் வரை கேள்விகளைத் தமிழில் காதால் கேட்கும் வசதிகூட இருந்தது, எடுத்துவிட்டார்கள். ஹைவே கோட் என்ற சாலை விதிப் புத்தகத்தை இரண்டு முறை படித்தால் இது பெரிய கஷ்டமில்லை. கவிழ்ப்பது இதன் இரண்டாம் பகுதி. 14 வீடியோ, 15 ஆபத்து, 75க்கு 44. ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் மவுஸை அமுக்க வேண்டும். சீக்கிரம் அமுக்கினால் 5 மதிப்பெண், தாமதமானால் குறையும். எதற்கும் இருக்கட்டும் என்று அமுக்கிக்கொண்டே இருந்தால் அந்த வீடியோவுக்குச் சைபர். நம்மவர்கள் தாமதமாகவே அமுக்குவார்கள். காரணம் எளிது. நெல் காயப்போட்ட ரோட்டில், ஆடு குறுக்கே வர, அறுவடை மிஷின் எதிரே வர ஓட்டிப் பழகியவருக்கு, நிறுத்திய காரின் கதவு திறக்கப்போகிறது என்பதெல்லாம் ஆபத்தாகவே படாது. ஒரு பகுதியில் தோற்றாலும் இரண்டையும் மறுபடி எழுத வேண்டும்.

பிராக்டிகல் சுமார் 40 நிமிடம். முதலில் 20 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பரைப் படிக்கச் சொல்வார்கள், முடியாவிட்டால் அங்கேயே முடிந்தது. சின்னத் தவறு 15 வரை பொறுப்பார்கள், பெரிய தவறு ஒன்று போதும் ஃபெயிலாக்க. ஊரில் கை பழகியவர்கள் விழுவது ஸ்டீரிங் பிடிப்பதில் இல்லை. உள்கண்ணாடியைச் சாமி மாலை தொங்கவிடவும் பக்கக் கண்ணாடியை மடக்கிவைக்கவும் மட்டுமே தெரிந்தவர், ஒவ்வொரு திருப்பத்துக்கும் வேகம் மாற்றுவதற்கும் முன் கண்ணாடி பார்க்க வேண்டும், பார்த்ததைத் தேர்வாளர் பார்க்க வேண்டும். சரிவில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது அங்கே தவறு. ஸ்டாப் என்ற பலகையில் ரோடு காலியாக இருந்தாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும்.

ரவுண்டானா தனிப் பாடம். நம் ஊரில் பஸ் முதலில், பிறகு லாரி, பிறகு தைரியம் உள்ளவர். அங்கே வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழி, சைக்கிள்காரராக இருந்தாலும். ஆனால் வழிவிடுகிறேன் என்று இடம் கிடைத்தும் கிளம்பாமல் நின்றால் அதுவும் தவறாகவே விழும். கிராமத்துப் பக்கம் ஒரே வண்டி போகிற ரோடுகள் உண்டு, வாய்க்கால் கரை ரோடு போலத்தான். அதில் நம்மவர்கள் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. அணைக்கரைப் பாலத்தில் எதிர் வண்டிக்குக் காத்து நின்ற பொறுமை அங்கே அப்படியே பயன்படும்.

ஹெட்லைட்டை மறந்துவிடாதீர்கள். ஊரில் லைட் அடித்தால் "நான் வர்றேன், நில்லு". அங்கே பெரும்பாலும் "நீங்க போங்க" என்று நினைத்து அடிக்கிறார்கள். ஹைவே கோட் புத்தகப்படி இரண்டுமே இல்லை, இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டும்தான். நீங்கள் ஊர் அர்த்தத்தில் அடிக்க, அவர் அந்த ஊர் அர்த்தத்தில் குறுக்கே வருவார். குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 வரை ஹாரன் கூடாது. வேகம் எல்லாம் மைலில், தெருவிளக்கு உள்ள இடத்தில் பலகை இல்லாவிட்டால் 30, வேல்ஸில் 20.

ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் கொடுத்தால் சுலபம் என்று இப்போது பலர் அதற்கே போகிறார்கள். அதில் பாஸ் செய்தால் கிடைப்பது ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் மட்டும். வேலையிடத்து வேன் கியர் வண்டியாக இருந்தால் தொட முடியாது. ஊரில் கியர் வண்டி ஓட்டிய கால் இருக்கும்போது அதை ஏன் விடுவது?

பாஸ் ஆனால் அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி லைசென்ஸ் வகையை மாற்றச் சொல்லுங்கள். புதுக் கார்டு தபாலில் வரும். மாற்றிக்கொடுக்கும் முறை இல்லாததால் ஊர் லைசென்ஸ் உங்களிடமே இருக்கும். பத்திரமாக வையுங்கள். லீவில் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வல்லம் வழியாக வீடு திரும்பும்போது அதுதான் வேண்டும். எதிரே பஸ் லைட் அடித்தால் ஒதுங்கி நிற்கவும் வேண்டும்.