ஒரே ஒரு காலி இடம், பத்து பேருக்கு வேணும்: சண்டை இல்லாம எப்படி பங்கு போடறது

நெருக்கமான சிட்டில ஒரு துண்டு காலி இடம் இருந்தா போதும், எல்லாருக்கும் அதுமேல ஒரு கண்ணு. பசங்களுக்கு பந்து விளையாடணும், வயசானவங்களுக்கு நடக்கணும், கார் வச்சிருக்கவங்களுக்கு பார்க்கிங், தள்ளுவண்டிக்காரருக்கு அதுதான் பொழப்பு. யாரு கேக்கறதும் தப்பில்ல, அதான் சிக்கலே. எடுத்த உடனே மீட்டிங் போட்றாதீங்க, சத்தமா பேசறவங்க ஜெயிச்சிட்டு போயிடுவாங்க.

மொதல்ல எண்ணுங்க. ஒரு நோட்டு போதும். வேலை நாள் ஒண்ணு, லீவு நாள் ஒண்ணு, காலைல 6 மணில இருந்து ராத்திரி 9 வரைக்கும் மணிக்கு ஒரு தடவ போய் 10 நிமிஷம் நின்னு பாருங்க, ஆம்பள எத்தன பொம்பள எத்தன, குழந்தைங்க, வயசானவங்க, யாரு உக்காந்திருக்காங்க, யாரு பந்து படுமோன்னு செவுத்தோரமா ஒட்டி நடந்து போறாங்க, எல்லாத்தையும் குறிங்க. வில்லியம் வைட்னு ஒருத்தர் 1970கள்ல நியூயார்க் சதுக்கங்கள்ல கேமரா வச்சு இப்படித்தான் கவனிச்சாரு, நகர்த்தற மாதிரி நாற்காலி இருந்தா ஜனங்க அத கொஞ்சம் நகர்த்திட்டுதான் உக்கார்றாங்கன்னு அதுல தெரிஞ்சுது. மீட்டிங்ல கேட்டா இத யாரும் சொல்லிருக்க மாட்டாங்க.

அந்த இடத்துக்கே வராதவங்கள தேடிப்போய் கேளுங்க, இத மட்டும் விட்டுறாதீங்க. ஆஸ்திரியா தலைநகர் வியன்னால 1990கள்ல பாத்தப்போ ஒம்போது வயசுக்கு மேல பொண்ணுங்க பார்க்குக்கு வர்றதே கொறஞ்சு போயிருந்துச்சு, பசங்க மட்டும் வந்துட்டே இருந்தாங்க. பெரிய திறந்த இடம்னா பசங்க கூட்டம் புடிச்சிக்கும், பொண்ணுங்க போட்டி போடாம ஒதுங்கிருவாங்க. அப்பறம் 1999ல ரெண்டு பார்க்க மாத்தி, பாதை போட்டு, வாலிபால் பேட்மிண்டனுக்கு எடம் ஒதுக்கி, பெரிய திறந்த இடத்த சின்ன சின்னதா பிரிச்சாங்க, பொண்ணுங்க திரும்ப வந்தாங்க.

நோட்ட பாத்தா பெரும்பாலும் ஒண்ணு புரியும், நாள் பூரா யாரும் மோதிக்கல, சாயங்காலம் ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான் இழுபறி. அதனால ஆளுக்கு ஒரு துண்டுன்னு வேலி போட்டு நெலத்த பிரிக்காதீங்க, நேரத்த பிரிங்க. வேலி ஒருதடவ போட்டா அத எடுக்கறது ரொம்ப கஷ்டம்.

பார்க்கிங்க மட்டும் நான் வரிசைல கடைசிலதான் வைப்பேன். ஒரு கார் நிக்க சுமாரா 12 சதுர மீட்டர் வேணும், ஆளே இல்லாட்டியும் ராப்பகலா அங்கயே நிக்கும், மத்தவங்க மாதிரி முறை மாத்திக்காது. மாற்றுத்திறனாளிங்க வண்டிக்கும் ஆம்புலன்ஸ் வழிக்கும் கண்டிப்பா இடம் விடணும், அதுல பேச்சே இல்ல.

இப்போ மீட்டிங் போடுங்க, நோட்ட நடுவுல வச்சு பேசுங்க. முடிவானத உடனே சிமெண்ட்ல கட்டிறாதீங்க. சுண்ணாம்பு கோடு, பூந்தொட்டி, மடக்கு நாற்காலி இத வச்சு ஒரு மாசம் ஓட்டி பாருங்க. நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்லயே 2009ல வண்டி போகாம ரோட்ட மூடினப்போ மொதல்ல சாதாரண மடக்கு நாற்காலிதான் போட்டாங்க, நிரந்தரமா கட்டினதெல்லாம் அப்பறம்.

மாசம் முடிஞ்சதும் அதே நோட்டோட, அதே மணிக்கு போய் நின்னு, பழைய எண்ணிக்கைக்கு பக்கத்துலயே புதுச எழுதுங்க, மொதல்ல செவுத்தோரமா போனவங்க இப்போ எங்க நடக்கறாங்கன்னு பாருங்க.