அமானுஷ்யச் சிறுகதையை வாசிக்கும் முறை

அச்சமூட்டும் சிறுகதையை நள்ளிரவில்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரே அமர்வில் படித்து முடிப்பது அவசியம், ஏனெனில் இடையில் எழுந்து சென்றால் வரிக்கு வரி சேர்ந்துவந்த கலக்கம் கலைந்துவிடும். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாசிப்பில் பேய் உண்டா, இல்லையா என்று துப்பறிய முனையாமல், உறக்கம் பிடிக்காத இரவில் கதைசொல்லியின் மூக்கை எட்டும் பிணம் எரியும் வாடையையும் ஊதுவத்தி மணத்தையும் மட்டும் பின்தொடருங்கள். காணும் காட்சியைவிட முகரும் வாடையை மறுப்பது கடினம் என்பது அப்போது விளங்கும். மறுவாசிப்பில் கதைசொல்லியையே சந்தேகியுங்கள். அவர் கதை எழுதுபவர். புனைவது அவருக்குக் கைவந்த தொழில். வீட்டுப் பேச்சாக வரும் சாதாரண வரிகளை நிதானமாகப் படியுங்கள். என்னை அதிகம் நடுங்கவைத்தவை அவையே. விமர்சனக் கட்டுரைகளைத் தேடுவதை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.